ஆர்சி கார் பாடிக்கு ஏர்பிரஷில் வாட்டர்பேஸ்ட் பெயிண்ட்: நம் ஊர் ஈரக்காற்றில் அடிப்பது எப்படி

என் முதல் ஆர்சி காரின் (ரிமோட்டில் ஓட்டும் காரின்) பாடியை, அதாவது மேல் ஓட்டை, ஏர்பிரஷ் என்ற பெயிண்ட் தூவும் சிறு கருவியால் ஒரே மாலையில் அடித்து முடித்தேன். சிவப்பு நிறம், பளபளவென்று கடையில் வாங்கியது போலவே இருந்தது, நானும் நாலு பேருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். மூன்றாம் நாள் ஓட்டும்போது ஒரு கட்டையில் முட்டியது, அவ்வளவுதான், முன்பக்கத்துச் சிவப்பு முழுவதும் வெயில் பட்ட தோல் போல ஒரே தாளாக உரிந்து உள்ளே தொங்கியது. கொஞ்ச நாள் பெயிண்டைத் திட்டிக்கொண்டிருந்தேன். பெயிண்டில் தப்பே இல்லை. முதல் கோட்டை, அதாவது முதல் பூச்சை, தடிமனாக அடித்ததும், அது காய்வதற்குள் அடுத்ததை ஏற்றியதும் என் தப்பு.

இந்த இரண்டு தப்புக்கும் நம் சிங்கப்பூர் தோதான ஊர். வாட்டர்பேஸ்ட், அதாவது தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, பெயிண்ட் காய்வது என்றால் அதிலுள்ள தண்ணீர் காற்றுக்குள் போவது. இங்கே காற்றே ஏற்கெனவே தண்ணீரோடுதான் இருக்கிறது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்துக்கு மேல், மழையில்லாத நாளில் பிற்பகலில் 60 சதவீத வாக்கில் இறங்கும். குளிர்ந்த, உலர்ந்த ஊர்க்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து 'ஐந்து நிமிடம் காயவிடுங்கள்' என்பதை அப்படியே நம்பினால் என் கதைதான் உங்களுக்கும்.

எந்த பாடி, எந்தப் பெயிண்ட்

இங்கே நான் சொல்வதெல்லாம் பாலிகார்பனேட் பாடிக்கு, அதாவது எல்லாரும் லெக்ஸான் என்று சொல்லும் ஒளி ஊடுருவும் மெல்லிய ஓட்டுக்கு. குண்டாம் (Gundam) ரோபோ, விமானம், டாங்கி போன்ற கெட்டி பிளாஸ்டிக் மாடல்களுக்கு வெளியே பெயிண்ட் அடிப்பார்கள், கீழே பிரைமர் என்ற அடிப்பூச்சு வேண்டும், அது வேறு கணக்கு. லெக்ஸான் பாடிக்கு உட்புறத்தில்தான் பெயிண்ட். வெளிப்புற பிளாஸ்டிக்கே கண்ணாடிபோல் பளபளக்கும், கார் தரையில் தேய்ந்தாலும் கீறல் பிளாஸ்டிக்கில் விழுமே தவிர பெயிண்டில் விழாது.

தமியாவின் பிஎஸ் ஸ்ப்ரே டப்பா இதற்கென்றே வந்தது, அதை ஒன்றும் குறை சொல்ல முடியாது. அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பைக் கொஞ்சம் கடித்துப் பிடிக்கும். ஆனால் வீவக அடுக்குமாடி வீட்டில் அதை அடித்துப் பாருங்கள், எதிர்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். கலவை நிறங்களும் மெல்லிய கோடுகளும் டப்பாவில் வராது. வாட்டர்பேஸ்டில் வாடை குறைவு, நிறத்தை நாமே கலக்கலாம், அடுக்கு மெலிதாக வரும். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: அது பிளாஸ்டிக்கைக் கடிக்காது, மேலே ஒட்டிக்கொண்டு மட்டும்தான் நிற்கும். கழுவுதல், மெல்லிய கோட், காயவைத்தல் என்று நான் கீழே நச்சரிக்கப்போவதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பார்மாவின் ஃபாஸ்கலர் லெக்ஸான் பாடிக்கென்றே செய்த வாட்டர்பேஸ்ட் பெயிண்ட். கிரியேடெக்ஸ் பொதுவான ஏர்பிரஷ் பெயிண்ட், ஆர்சி ஆட்கள் நிறையப் பேர் அதைத்தான் அடிக்கிறார்கள். காய்ந்த பிறகும் வளைந்து கொடுப்பதுதான் முக்கியம், ஏனென்றால் பாடி ஒவ்வொரு மோதலிலும் நசுங்கி நிமிரும். கெட்டி பிளாஸ்டிக் மாடலுக்கென்று விற்கும் சின்னப் புட்டி அக்ரிலிக், தண்ணீரில் கலக்கலாம் என்று போட்டிருந்தாலும், லெக்ஸானில் வளையும்போது சில்லுச் சில்லாக உதிரும். வீட்டில் மிச்சம் இருக்கிறதே என்று அதை எடுக்காதீர்கள்.

சாமான்கள்

மேலே கப் வைத்த, ஈர்ப்பு விசையில் பெயிண்ட் இறங்கும் ஏர்பிரஷ் போதும். ஒன்றுதான் வாங்கப் போகிறீர்கள் என்றால் 0.5 மில்லிமீட்டர் ஊசி வாங்குங்கள் என்பேன். 0.3 கோடு போட நன்றாக இருக்கும், ஆனால் வெள்ளைப் பெயிண்ட்டும் முத்துத் தூள் கலந்த பெயிண்ட்டும் அதில் அடைத்துக்கொண்டே இருக்கும், பாதி நேரம் ஊசியைக் கழற்றித் துடைப்பதிலேயே போகும். எனக்கு இப்போது இரண்டும் இருக்கிறது, வேலையில் முக்கால்வாசி 0.5 செய்கிறது.

கம்ப்ரஸர் தொட்டி வைத்ததாக இருக்கட்டும். தொட்டி இல்லாதது விட்டுவிட்டுத் துடிக்கும், சூடாகும். அதைவிட முக்கியம் தண்ணீர் பிடிக்கும் வடிகட்டி, மாய்ஸ்சர் டிராப் என்று கேட்டால் கொடுப்பார்கள். நம் காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். ஒரு மணி நேர வேலைக்குப் பிறகு என் வடிகட்டியின் அடியில் தண்ணீர் தேங்கி நிற்பதைக் கண்ணால் பார்க்கலாம். அது நிரம்பினால் குழாய் வழியாக வந்து, சரியாகப் பானெட்டின் நடுவில், ஒரு சொட்டைத் துப்பும். அரை மணிக்கு ஒருமுறை திறந்துவிடுங்கள். தொட்டியின் அடியிலுள்ள வால்வையும் வேலை முடிந்ததும் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே துருப்பிடிக்கும்.

மூக்குக்கு என்95 முகக்கவசம். 'தண்ணீர்ப் பெயிண்ட்தானே' என்று விட்டுவிடக்கூடாது. வாடை இல்லாவிட்டாலும் நுண்ணிய துகள் நுரையீரலுக்குத்தான் போகும். கோவிட் காலத்தில் வாங்கிய பெட்டி இன்னும் அலமாரியில் இருந்தால் இப்போது உதவும்.

இடம்? நான் சமையலறைக்குப் பின்னாலுள்ள சர்வீஸ் யார்டில், ஒரு பெரிய அட்டைப் பெட்டியைப் படுக்கவைத்து அதற்குள் அடிக்கிறேன். துணி காயப்போடாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள், அம்மாவின் வெள்ளைச் சேலையில் நீலப் புள்ளி விழுந்த நாள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. பொது நடைபாதையில் அடிக்க வேண்டாம், போகிற வருகிற ஆட்களின் மூக்குக்கும் நல்லதல்ல, அவர்கள் செருப்புக்கும் நல்லதல்ல.

இந்த ஊருக்கென்று நான் கண்டுபிடித்த ஒரே தந்திரம் இது: அடிப்பது சர்வீஸ் யார்டில், காய்வது ஏர்கான் அறையில். ஏர்கான் குளிர்விப்பதோடு காற்றிலுள்ள தண்ணீரையும் இழுத்து வெளியே சொட்டவிடுகிறது. கதவைச் சாத்தி, டிரை மோடில் ஒரு மணி நேரம் ஓடிய அறையில் பெயிண்ட் காயும் வேகமே வேறு. அந்த அறைக்குள்ளேயே அடிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம், துகள் ஏர்கான் வடிகட்டியை அடைத்துவிடும்.

பெயிண்டுக்கு முன்னால்

பாடி ஒளி ஊடுருவும்போதே பொருத்தும் துளைகளின் இடத்தைக் குறியுங்கள். காரின் மேல் பாடியை வைத்து, சக்கரம் வளைவின் நடுவில் வருகிறதா என்று பார்த்து, பாடியைத் தாங்கும் கம்பி வரும் நான்கு இடத்திலும் வெளியே மார்க்கரால் புள்ளி வையுங்கள். பெயிண்ட் அடித்த பிறகு கம்பி எங்கே இருக்கிறது என்று தடவித் தடவித் தேடுவது பரிதாபமான வேலை. துளையைப் பாடி ரீமர் என்ற துளைபோடும் கருவியால் இப்போதே போட்டு, வெளியிலிருந்து டேப் ஒட்டி அடைத்துவிடலாம். ஓரம் வெட்டுவதை மட்டும் நான் கடைசிக்கு வைத்துக்கொள்வேன், பிடித்துக்கொள்ள அந்த ஓரம் வசதி.

அடுத்து கழுவுதல். தொழிற்சாலையில் அச்சிலிருந்து பாடி எளிதில் வர ஒரு வழுக்கும் பொருள் தடவியிருக்கலாம், நம் விரல் எண்ணெயும் சேரும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான ஸ்பாஞ்ச். உட்புறத்தை இரண்டு முறை கழுவுங்கள், மூலைகளை விடாதீர்கள். அசிட்டோன், தின்னர் பக்கமே போகக்கூடாது, பாலிகார்பனேட்டில் நுண்ணிய வெடிப்பு விழும். அம்மோனியா கலந்த கண்ணாடி துடைக்கும் திரவமும் அப்படித்தான். கழுவியதும் துணியால் துடைத்தால் பஞ்சு ஒட்டும், அதனால் தண்ணீரை உதறிவிட்டு, மூலைகளில் நிற்பதை ஏர்பிரஷின் வெறும் காற்றால் ஊதி விரட்டுங்கள். அதற்கப்புறம் உட்புறத்தில் விரல் படக்கூடாது, கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

உள்ளே லேசாகச் சுரண்டிவிட்டால் பெயிண்ட் இன்னும் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான், மென்மையான நார்ப் பட்டையால் மிக லேசாகத் தேய்த்தால் பிடிப்பு கூடும். ஆனால் ஜன்னல் பகுதியில் கைவைத்தால் அது மங்கிப்போகும், மெல்லிய ஒளி ஊடுருவும் நிறங்களின் அடியிலும் கீறல் தெரியும். அதிகம் அடிபடும் பம்பர், சக்கர வளைவு ஆகிய இடங்களில் மட்டும் நான் தேய்க்கிறேன், அதுவும் அடர்நிறம் அடிப்பதாக இருந்தால் மட்டும்.

ஜன்னலுக்கு பாடியோடு வெட்டிய ஸ்டிக்கர் வரும். அதை உள்ளே ஒட்டி, விளிம்பை நகத்தால் அழுத்திச் சுற்றி வாருங்கள், வளைவில் சுருக்கம் விழுந்தால் ஹேர் டிரையரில் கொஞ்சம் சூடு காட்டுங்கள். வடிவம் போட வேண்டுமென்றால், பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்க மாஸ்கிங் டேப்போ திரவ மாஸ்க்கோ. திரவ மாஸ்க் என்பது ரப்பர் பால் மாதிரி ஒன்று, உள்ளே முழுக்கத் தடிமனாகப் பூசி, காய்ந்ததும் வடிவத்தைக் கத்தியால் வெட்டி, துண்டு துண்டாக உரித்து உரித்துப் பெயிண்ட் அடிக்கலாம். இங்கே அது காய ஓர் இரவு முழுக்க விடுங்கள். வெட்டும்போது புது பிளேடு, கத்தியின் எடை மட்டும் போதும். அழுத்தினால் பிளாஸ்டிக்கில் கோடு விழும், முதல் மோதலில் பாடி அந்தக் கோட்டிலேயே பிளக்கும்.

எந்த நிறம் முதலில்

புதிதாக வருபவர்கள் குழம்புவது இங்கேதான். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் பார்த்திருப்பீர்கள், கண்ணாடியின் பின்புறத்தில் வரைவார்கள், நகையும் கண்ணின் கருவிழியும் முதலில், உடல் நிறம் அப்புறம், பின்னணி கடைசியில். லெக்ஸானும் அப்படியே. முதலில் எது பட்டதோ அதுதான் வெளியே தெரியும். மற்றதெல்லாம் அதன் முதுகில் போய் நிற்கும்.

சுற்றிலும் கறுப்புக் கோடு போட்ட மஞ்சள் தீப்பொறி வேண்டும், மற்ற இடமெல்லாம் நீலம் என்று வைத்துக்கொள்வோம். முதலில் கோட்டின் மாஸ்க்கை உரித்துக் கறுப்பு. அது காய்ந்ததும் தீப்பொறியின் மாஸ்க்கை உரித்து மஞ்சள். மஞ்சளின் முதுகில் உடனே வெள்ளை. பிறகுதான் மிச்ச மாஸ்க்கை எடுத்து நீலம். நடுவில் அந்த வெள்ளையை விட்டுவிட்டால் நீலம் மஞ்சளின் பின்னால் படர்ந்து, வெளியே பார்த்தால் தீப்பொறி பச்சையடித்துப்போய் இருக்கும். மஞ்சள், ஆரஞ்சு, எல்லா ஃப்ளோரசன்ட் நிறங்களும் இப்படித்தான், தனியே மறைக்கும் சக்தி குறைவு, பின்னால் வெள்ளை இருந்தால்தான் எரியும். இருட்டான நிறத்தை முதலில் அடித்துவிட்டால் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் வடிவம் அதற்கு இடம் கொடுக்க வேண்டுமே.

அடிப்பது

புட்டியை நன்றாகக் குலுக்கி, பழைய காலுறைத் துணியில் வடிகட்டிக் கப்பில் ஊற்றுங்கள். பால் பதம் வேண்டும். கப்பின் சுவரில் குச்சியால் இழுத்துப் பார்த்தால் பெயிண்ட் மெல்லிய திரையாக இறங்க வேண்டும். கெட்டித் தயிர் மாதிரி நின்றால் அந்தப் பெயிண்ட்டின் சொந்த ரெட்யூசரை (நீர்க்கவைக்கும் திரவத்தை) 10 சதவீதத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். குழாய்த் தண்ணீரும் கலக்கலாம்தான், ஆனால் அதிகமாகப் போனால் பெயிண்ட்டைப் பிடித்துவைக்கும் பசை நீர்த்துப்போய் பிளாஸ்டிக்கில் முத்து முத்தாகத் திரளும், காயவும் நேரமாகும். நாம் தண்ணீரோடுதான் சண்டை போடுகிறோம், இன்னும் தண்ணீரை ஊற்றுவானேன்.

அழுத்தம் 25 முதல் 30 பிஎஸ்ஐ, காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது பார்த்த அளவு. மெல்லிய கோடு வரைய 20க்கு இறக்கிக்கொள்ளலாம். முதலில் பழைய பாடியிலிருந்து வெட்டிய துண்டில் அடித்துப் பாருங்கள். என்னிடம் அப்படி ஒரு பை நிறைய இருக்கிறது, எல்லாம் என் பழைய பாவங்கள்.

இப்போது முதல் கோட். சுமார் 15 சென்டிமீட்டர் தள்ளி, கையை நிறுத்தாமல் நகர்த்தி, புள்ளி புள்ளியாகப் பனி படிந்தது போல விழ வேண்டும். அடித்து முடித்ததும் 'இதென்ன, ஒன்றுமே அடிக்கவில்லையே' என்று தோன்ற வேண்டும், தோன்றினால் சரி. மறுபக்கம் கை வைத்தால் விரல் தெளிவாகத் தெரியும். இந்தக் கோட்டுக்கு நிறம் கொடுக்கும் வேலை கிடையாது, பிளாஸ்டிக்கைப் பற்றிக்கொள்வதுதான் அதன் வேலை, அடுத்து வருவதெல்லாம் இதைத்தான் பிடித்துக்கொண்டு நிற்கப்போகிறது.

ஹேர் டிரையரை மிதமான சூட்டில், ஒரு சாண் தள்ளி, ஓர் இடத்தில் நிற்காமல் காட்டுங்கள். பாடி ஒரு மில்லிமீட்டருக்கும் மெலிது, ஒரே இடத்தில் சூடு நின்றால் கூரை நெளிந்துவிடும். ஈரம் இருக்கும் பெயிண்ட் மினுங்கும், காய்ந்தது மங்கலாக, சுண்ணாம்பு பூசியது போல இருக்கும். முழுக்க மங்கும் வரை காட்டுங்கள். சூடு இன்னொரு வேலையும் செய்கிறது: தண்ணீர் போன பிறகு பெயிண்ட்டின் அக்ரிலிக் துகள்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே படலமாக ஆக வேண்டும், அதைச் சூடு நன்றாக நடத்திவைக்கும். (என் தங்கை இப்போது டிரையரை அறையில் பூட்டி வைக்கிறாள், "அண்ணே, உனக்கு ஒன்று வாங்கிக்கொள்" என்று சொல்லி. நியாயம்தான், தேக்காவில் போய் ஒன்று வாங்கினேன்.)

பாடியின் சூடு ஆறட்டும். சூடான பிளாஸ்டிக்கில் அடித்தால் துளி விழுமுன்பே காய்ந்து சொரசொரப்பாகும். அப்புறம் இரண்டாவது கோட், கொஞ்சம் கூட. டிரையர். மூன்றாவது. நிறத்தைப் பொறுத்து நான்கிலிருந்து ஆறு வரை போகும். ஒவ்வொன்றுக்கும் பிறகு பாடியை விளக்கை நோக்கித் தூக்கிப் பாருங்கள், ஊசித் துளைபோல் வெளிச்சம் வந்தால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு மெல்லிய தூவல். உள் மூலைகளில் காற்று திரும்பி அடித்துப் பெயிண்ட்டைச் சிலந்தி வலை மாதிரி விரட்டும், அங்கே அழுத்தத்தைக் குறைத்து, எதிரே நேராக அடிக்காமல் சாய்வாக அடியுங்கள்.

மழை கொட்டும் மாலையில் அடிக்கலாமா என்றால், நான் அடிப்பதில்லை. பகல் இரண்டு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில், வெயில் இருக்கும் சனிக்கிழமை, அதுதான் என் நேரம்.

மாஸ்க்கை உரிப்பது பெயிண்ட் தொட்டால் ஒட்டாத நிலையில், ஆனால் பல நாள் இறுகவிடாமல். நேராக மேலே இழுக்காமல், டேப்பைத் தன் மீதே மடித்துச் சாய்வாக, பொறுமையாக. விளிம்பில் பெயிண்ட் டேப்போடு சேர்ந்து எழுந்தால் நிறுத்தி, அந்த விளிம்பில் கத்தி முனையை லேசாக ஓடவிட்டுத் தொடருங்கள்.

முதுகு வெள்ளையோ வெள்ளியோ அடித்து முடிந்ததும் ஒரு பாதுகாப்புப் பூச்சு நல்லது. மின்சார காருக்கு வாட்டர்பேஸ்ட் கிளியர், அதாவது நிறமற்ற பூச்சு, இரண்டு மெல்லிய கோட் போதும். எரிபொருள் ஊற்றி ஓட்டும் நைட்ரோ கார் என்றால் கதை வேறு, அந்த எரிபொருளில் மெத்தனால் இருக்கிறது, சிந்தினால் வாட்டர்பேஸ்ட் பெயிண்ட் இளகிவிடும், எரிபொருள் தாங்கும் கிளியர் கட்டாயம். பிஎஸ் டப்பாவால் மேலே அடைப்பவர்களும் உண்டு, தூரத்திலிருந்து தூவினால் பிரச்சினை வராது, நனைய அடித்தால் கீழே உள்ளது சுருங்கும்.

சொதப்பினால்

பெயிண்ட் விழுந்த இடத்தில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாக விலகினால் எண்ணெய், வேறொன்றுமில்லை. அங்கேயே நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் முழுக்கக் கழுவி மறுபடி ஆரம்பியுங்கள், காயாத வாட்டர்பேஸ்டின் பெரிய வசதியே இதுதான். மாஸ்க்குக்குள் கசிந்தால் பஞ்சுக்குச்சியில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்டு, பல்குச்சி முனையால் விளிம்பைச் சீர்செய்யலாம். கசிவது பெரும்பாலும் முதல் கோட்டை நனைய அடித்ததால், பாருங்கள், மறுபடி அங்கேயே வந்து நிற்கிறோம். ஏர்பிரஷ் விட்டுவிட்டுத் துப்பினால் ஊசி முனையில் பெயிண்ட் காய்ந்து மூக்கு கட்டியிருக்கும், ஈரப் பஞ்சுக்குச்சியால் அவ்வப்போது துடையுங்கள்.

ஏர்பிரஷை நிறம் மாற்றும்போதெல்லாம் கழுவ வேண்டும், நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பது இதில் கிடையாது. காய்ந்த அக்ரிலிக் திரும்பத் தண்ணீரில் கரையாது. கப்பில் மிஞ்சியதை டிஷ்யூவில் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தை வீட்டுக் கழுவுதொட்டியில் கழுவுங்கள். கீழே இறங்கிப்போய் லாங்காங்கில் (மழைநீர் வடிகாலில்) ஊற்றாதீர்கள். வீட்டுத் தொட்டித் தண்ணீர் சுத்திகரிப்புக்குப் போகிறது, லாங்காங் தண்ணீர் நீர்த்தேக்கத்துக்குப் போகிறது, அதைத்தான் நாம் திரும்பக் குடிக்கிறோம்.

எல்லாம் முடிந்து வெளிப்புறப் பாதுகாப்புத் தாளை உடனே உரிக்க ஆசை வரும். ஓரத்தை வளைந்த கத்தரியால் வெட்டி, சக்கர வளைவை மணல் காகிதத்தால் தேய்த்து முடித்த பிறகு உரியுங்கள், அதுவரை கீறல் அந்தத் தாளில் விழட்டும். விளக்கு ஸ்டிக்கர்களை ஒரு சொட்டு சோப்பு கலந்த தண்ணீரைத் தெளித்துவிட்டு ஒட்டினால் இடம் நகர்த்தலாம். பிறகு இரண்டு நாள் ஏர்கான் அறையில் விட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை ஓட்ட வேண்டுமென்றால் வியாழக்கிழமைக்குள் கடைசிக் கோட் முடிந்திருக்க வேண்டும்.